பினாங்கு வெயிலில் உப்புத்தாள் ஒளிப்படம்: செய்முறையும் பின்னணியும்

வெள்ளிச் சேர்மங்கள் வெளிச்சம் பட்டால் கறுத்துவிடும் என்பது, ஒளிப்படக் கலை பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்த செய்தி. ஜெர்மனியைச் சேர்ந்த யோஹான் ஹைன்ரிச் ஷூல்ஸே, வெள்ளி கலந்த சுண்ணக் குழம்பு நிரம்பிய புட்டியைச் சுற்றி எழுத்து வெட்டிய தாளை ஒட்டி வெளிச்சத்தில் வைத்து, அந்த எழுத்துகள் குழம்பின் மேல் கருமையாகப் பதிவதை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே காட்டினார். புட்டியைக் குலுக்கியதும் எழுத்து மறைந்துபோனது. இங்கிலாந்தில் தாமஸ் வெட்ஜ்வுட்டும் ஹம்ப்ரி டேவியும், வெள்ளி நைட்ரேட் தடவிய தாளிலும் தோலிலும் இலைகளையும் பூச்சிகளின் இறகுகளையும் படிவமாக எடுத்து, 1802இல் அதைப் பற்றி எழுதினார்கள். அந்தப் படங்களை மங்கலான வெளிச்சத்தில் மட்டுமே எடுத்துப் பார்க்க முடிந்தது. பகலில் வெளியே கொண்டுவந்தால் மிச்சமிருந்த வெண்மையும் கறுத்து, படம் இருந்த சுவடே இல்லாமல் போனது.

ஆகவே, படத்தை வரவழைப்பதைவிட, வந்த படத்தை அந்த நிலையிலேயே நிறுத்துவதுதான் அக்காலத்தவரை அலைக்கழித்தது. வீட்டில் செய்து பார்ப்பவர்களும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அவசரப்படுகிறார்கள். எனவே இக்கட்டுரை, உப்பேற்றிய தாளில் வெள்ளி நைட்ரேட் பூசி வெயிலில் படமெடுக்கும், இங்கிலாந்தின் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்டின் உப்புத்தாள் முறையை அடியிலிருந்து சொல்லிக்கொண்டு போனாலும், நிறுத்தும் கட்டத்தில்தான் அதிக நேரம் தங்கும். ஒரே தாளிலிருந்து மூன்று துண்டுகளைச் செய்து, முதல் துண்டை வெட்ஜ்வுட்டின் படங்களைப் போல அப்படியே விட்டுவிட்டு, இரண்டாவதை டால்பட்டைப் போல உப்பு நீரிலும், மூன்றாவதை ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷலைப் போல, கறுக்காத வெள்ளி உப்பைக் கரைக்கும் ஹைப்போ என்னும் வேதிப்பொருளிலும் நிறுத்திப் பார்க்கப் போகிறோம்.

பிற முறைகளை ஏன் விட்டுவிட வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். பிரான்சில் நிசேஃபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827இல் தம் வீட்டுச் சன்னல் காட்சியை, ஒருவகைத் தார் பூசிய ஈயக்கலவைத் தகட்டில் பதித்தார். அதற்கு மிக நீண்ட நேரம் வெளிச்சம் தேவைப்பட்டது. அவருடைய கூட்டாளி லூயி டாகேரின் முறையை, 1839 ஜனவரி 7ஆம் நாள் பிரான்சுவா அராகோ பாரிஸ் அறிவியல் கழகத்தில் அறிவித்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் நுணுக்கமான படம் தரும் முறை அது. சில ஆண்டுகளுக்குள் நம் பகுதிக்கும் வந்துவிட்டது. மலாக்காவில் பிறந்து தமிழும் கற்ற முன்ஷி அப்துல்லா, அமெரிக்கக் கப்பலில் வந்த மருத்துவர் ஒருவர் எடுத்த சிங்கப்பூர்க் காட்சியைத் தகட்டில் பார்த்து வியந்ததைத் தம் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் அந்தத் தகட்டில் படத்தைத் தோன்றச் செய்வதற்குப் பாதரசத்தைச் சூடாக்கி அதன் ஆவியைப் பிடிக்க வேண்டும். அதை வீட்டில் யாரும் முயலக் கூடாது. டால்பட்டின் முறைக்கோ தாள், உப்பு, வெள்ளி நைட்ரேட், வெயில் ஆகியவை போதும்.

தேவையான பொருள்கள்

தாள்தான் முதலில் கவனிக்க வேண்டியது. நீர்வண்ண ஓவியத்துக்கான, முழுக்கப் பருத்தியால் ஆன, மேற்பரப்பு வழவழப்பான தாளை ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் கேட்டு வாங்க வேண்டும். சாதாரண அச்சுத் தாள் நீரில் ஊறினால் கிழிந்துவிடும். மஞ்சளாகாமல் இருப்பதற்காகச் சுண்ணம் சேர்த்துச் செய்யும் தாள்களில் படம் திட்டுத்திட்டாக வருவதுண்டு என்பதால், ஒரே வகையில் ஒரு கட்டு வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று வகைகளில் ஒவ்வொரு தாளை வாங்கிச் சோதிப்பது நல்லது. ஏ4 தாளை நான்காக வெட்டினால் ஒரு சோதனைக்கு ஏற்ற அளவு கிடைக்கும்.

உப்பு அயோடின் சேர்க்காததாக இருக்க வேண்டும். கல்லுப்புப் பொட்டலத்தில் சேர்பொருள்களைப் படித்துப் பார்த்து வாங்கலாம். வெள்ளி நைட்ரேட்டை ஆய்வகப் பொருள் விற்பவர்களிடம் 10 கிராம் அளவில் வாங்கினால் நெடுநாள் வரும். விலை வெள்ளி விலையோடு ஏறி இறங்குவதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். காய்ச்சி வடித்த நீர் மருந்துக் கடையில் கிடைக்கும். குழாய் நீரில் வெள்ளி நைட்ரேட்டைக் கரைத்தால் அந்த நீரிலுள்ள குளோரைடோடு சேர்ந்து உடனே பால்போல் கலங்கி வீணாகிவிடும். இவற்றோடு சிட்ரிக் அமிலம், இரும்புப் பட்டை இல்லாத அகலத் தூரிகை, இரண்டு கண்ணாடித் தகடுகள், கவ்விகள், நெகிழித் தட்டுகள் மூன்று ஆகியன வேண்டும். அந்தத் தட்டுகளைப் பிறகு சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது.

ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. மீன் வளர்ப்புப் பொருள் விற்கும் கடைகளில், தொட்டி நீரிலுள்ள குளோரினைப் போக்குவதற்கென்று பொட்டலத்தில் விற்கும் வெண்கற்கள் பெரும்பாலும் அதுவே. பெயர் அட்டையில் சரிபார்த்துக்கொண்டால் போதும்.

வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது. வெயிலில் போய்வந்த பிறகு அந்த இடம் கருப்பாகும், தோல் உரியும்வரை போகாது. கறையாவது பரவாயில்லை, கண்ணில் பட்டால் பார்வையே கெடக்கூடும். எனவே கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் புட்டியைத் திறக்கக் கூடாது. பிள்ளைகளோடு செய்வதாக இருந்தால் உப்பு ஏற்றுவதையும் இலை அடுக்குவதையும் அவர்களிடம் விட்டுவிட்டு, வெள்ளி பூசும் வேலையைப் பெரியவர் ஒருவரே செய்ய வேண்டும்.

உப்பேற்றுதலும் வெள்ளி பூசுதலும்

200 மில்லி லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 4 கிராம் உப்பைக் கரைத்துத் தட்டில் ஊற்றி, தாளை இரண்டு மூன்று நிமிடம் முழுக மூழ்கவைத்து, கொடியில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். படம் தாளின் உள்ளே இறங்கி மங்கலாகாமல் மேற்பரப்பிலேயே தங்க வேண்டுமானால், அந்த நீரில் 2 கிராம் ஜெலட்டின் சேர்க்கலாம். ஜெலட்டினைத் தவிர்ப்பவர்கள் கூவைக்கிழங்கு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சேர்க்கலாம், 19ஆம் நூற்றாண்டில் அதுவும் வழக்கத்தில் இருந்ததுதான். உப்பேற்றிய தாள் வெளிச்சத்துக்கு அஞ்சாது. பத்திருபது தாள்களை ஒருநாள் செய்து உலர்ந்த பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். எந்தப் பக்கம் மேற்பக்கம் என்று பென்சிலால் ஒரு மூலையில் குறித்துவிடுங்கள்; காய்ந்த பிறகு கண்டுபிடிப்பது கடினம்.

வெள்ளிக் கரைசலுக்கு 25 மில்லி லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 3 கிராம் வெள்ளி நைட்ரேட்டையும் 1 கிராம் சிட்ரிக் அமிலத்தையும் கரைத்து, பழுப்பு நிறப் புட்டியில் ஊற்றி வைக்க வேண்டும். சிட்ரிக் அமிலம், தாள் வெயிலைப் பார்க்கும் முன்னரே தானாகப் பழுப்பாவதைத் தள்ளிப்போடும். அறைச் சன்னலை மூடி, மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு விளக்கை மட்டும் எரியவிட்டு, நான்காக வெட்டிய துண்டு ஒன்றுக்குச் சுமார் 1 மில்லி லிட்டர் கரைசலை ஊற்றி, தூரிகையால் முதலில் குறுக்காகவும் பிறகு நெடுக்காகவும் விரைந்து பரப்ப வேண்டும். தாளில் இருந்த உப்பும் இந்த வெள்ளியும் சேர்ந்து, தாளின் இழைகளுக்குள் வெள்ளி குளோரைடு உருவாகிறது. வெளிச்சத்தில் கறுக்கப் போவது அதுதான்.

நம் ஊர் ஈரக்காற்று முதன்முதலில் குறுக்கே வருவது உலர்த்தும்போதுதான். மேலே காய்ந்ததுபோல் தோன்றும் தாள் உள்ளே ஈரமாகவே இருக்கும். அப்படியே கண்ணாடிக்கு அடியில் வைத்தால் இலையோடு ஒட்டிக்கொண்டு கறைபடும். இருட்டறையில் விசிறிக்கு எதிரே வைத்து, தொட்டுப் பார்த்தால் குளிர்ச்சியே தெரியாத அளவு காய்ந்த பிறகுதான் பயன்படுத்த வேண்டும். மழை பெய்துகொண்டிருக்கும் நாளில் காத்திருப்பதைவிட, தலைமுடி உலர்த்தியைச் சூடில்லாத காற்றில் வைத்து உலர்த்திவிடலாம். பூசிய தாளை அன்றே முடித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது.

வெயிலில் வைத்தல்

டால்பட்டும் முதலில் இலைகளையும் பின்னல் துணிகளையும்தான் எடுத்தார். நம்மிடம் கறிவேப்பிலை, முருங்கைக் கொத்து, மதில் இடுக்கில் முளைக்கும் பெரணி எல்லாம் இருக்கின்றன. சாறு நிறைந்த தடித்த இலைகள் கண்ணாடியின் அழுத்தத்தில் ஈரம் கசிந்து தாளைக் கெடுக்கும் என்பதால், பறித்த இலையைக் கனமான நோட்டுகளுக்கு இடையில் ஒருநாள் அழுத்தி வைத்துவிட்டு எடுங்கள். முருங்கையிலை மெல்லியது, அதன் நரம்புகள் வழியே வெளிச்சம் சிறிது ஊடுருவுவதால், வெறும் நிழலுருவாக நின்றுவிடாமல் உள்ளமைப்பும் பதியும். வெள்ளி பூசிய பக்கத்தின் மேல் இலையை வைத்து, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையில் அழுத்தி, கவ்விகளால் இறுக்கி வெயிலில் காட்ட வேண்டும். மூன்று துண்டுகளிலும் ஒரே வகை இலையை வைத்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

பினாங்கில் உச்சிவெயில் 12 மணிக்கு வருவதில்லை. 1982 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் கிரீனிச்சைவிட 8 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. நாமோ கிழக்கே ஏறத்தாழ 100 பாகையில் இருக்கிறோம். அதனால் சூரியன் உச்சியைத் தொடும்போது கடிகாரம் பகல் 1 மணி 20 நிமிடத்தை ஒட்டிக் காட்டும். 12 மணிக்கும் 2.30 மணிக்கும் இடையில் தெளிந்த வானம் இருந்தால் சில நிமிடங்களிலேயே வேலை முடியும். மேகம் மூடியிருந்தால் அதைப்போல மூன்று, நான்கு மடங்கு நேரம் ஆகலாம். ஆகவே கடிகாரத்தைப் பார்க்காமல் தாளின் ஓரத்தைப் பார்த்து நேரத்தை முடிவுசெய்ய வேண்டும்.

அந்த ஓரத்தில் நிகழும் மாற்றம் உட்கார்ந்து பார்க்கத்தக்கது. வெண்மை முதலில் வெளிறிய ஊதாவாகும். பிறகு கத்தரிப்பூ நிறமாகி, செம்பழுப்பு ஏறி, முடிவில் காப்பிக்கொட்டையின் கருமை வரும். இன்னும் விட்டால் மிகக் கருத்த இடங்களில் உலோகப் பளபளப்பு ஒன்று தோன்றும். நமக்கு வேண்டிய கருமையைக் கண்டதும் எடுத்துவிடத் தோன்றும், எடுக்கக் கூடாது. நிறுத்தும்போதும் கழுவும்போதும் படம் கணிசமாக வெளிறும் என்பதால், "அளவுக்கு மீறிவிட்டதே" என்று நினைக்கும் வரை விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

படத்தை நிறுத்துதல்

முதல் துண்டை ஒன்றும் செய்யாமல் இருட்டில் எடுத்து வையுங்கள். அதற்கு வேறு வேலை இல்லை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் மங்கிய வெளிச்சத்தில் குழாய் நீரில் கழுவ வேண்டும். முதல் நீர் பால்போல் கலங்கும். தாளில் எஞ்சியிருந்த வெள்ளி நைட்ரேட் நீரிலுள்ள குளோரைடோடு சேர்வதால் வரும் கலக்கம் அது. நீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை மாற்ற வேண்டும். இதைச் சுருக்கினால் அடுத்து வரும் எதுவும் சரியாக நடக்காது.

இரண்டாவது துண்டுக்கு 100 மில்லி லிட்டர் நீரில் 30 கிராம் உப்பு, அதாவது நீர் ஏற்கக்கூடிய அளவுக்குக் கிட்டத்தட்ட முழு உப்பு. அதில் பத்து நிமிடம் ஊறவைத்து, மேலோட்டமாக அலசிக் காயவைக்க வேண்டும். படத்தை உருவாக்கிய அதே உப்பு அதை எப்படி நிறுத்தும் என்ற கேள்வி எழும். 1834இல் டால்பட் கவனித்தது இதைத்தான்: தாளில் உப்பு குறைவாகப் பிடித்த ஓரங்கள் விரைவாகக் கறுத்தன, உப்பு மிகுந்த இடங்கள் மந்தமாக இருந்தன. குறைந்த உப்பு தாளைக் கூர்மையாக்குகிறது, மிகுந்த உப்பு அதை உறங்கவைக்கிறது என்று கண்ட அவர், எடுத்த படத்தை வலுவான உப்பு நீரில் தோய்த்து அதன் உணர்வைத் தணித்தார். நம்ப முடியாவிட்டால், ஒரு தாளை 2 சதவீத உப்பிலும் மற்றொன்றை 20 சதவீத உப்பிலும் ஊறவைத்து, இரண்டிலும் வெள்ளி பூசி, அருகருகே வெயிலில் வைத்துப் பாருங்கள்.

டால்பட்டின் வழியில் நின்ற படம் முழுமையாக நிற்பதில்லை. கறுக்காத வெள்ளி குளோரைடு தாளிலேயே இருக்கிறது. அதன் வேகம் மட்டும் மட்டுப்பட்டிருக்கிறது. அதனால் வெண்மையான பகுதிகள் மெல்ல வெளிறிய ஊதாவாக மாறும். என் கண்ணுக்கு மூன்றிலும் அழகானது அந்த நிறம்தான்; நிலைத்திருக்க வேண்டிய படத்துக்கு மட்டும் அதை நம்ப முடியாது.

மூன்றாவது துண்டுக்கு 200 மில்லி லிட்டர் நீரில் 20 கிராம் ஹைப்போவையும் ஒரு சிட்டிகைச் சமையல் சோடாவையும் கரைத்து, இரண்டு தட்டுகளில் சரிபாதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நான்கு நிமிடம் ஆட்டிக்கொண்டே வைத்திருக்க வேண்டும். போட்ட உடனே ஊதா கலந்த பழுப்பு, செங்கல் நிறமாக மாறி வெளிறும். பதற வேண்டாம், காய்ந்ததும் நிறம் ஓரளவு திரும்பும். அதற்காகக் கூடுதலாக ஊறவிட்டால் மெல்லிய சாயல்கள் கரைந்துபோகும். கடைகளில் கிடைக்கும் விரைவு நிறுத்திகள் இதைவிட வலுவானவை, உப்புத்தாள் படத்தைத் தின்றுவிடும். அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

ஹைப்போ செய்வது தணிப்பது அன்று, அகற்றுவது. கறுக்காத வெள்ளி குளோரைடு அதில் கரைந்து தாளைவிட்டு வெளியேறுகிறது. கறுத்த வெள்ளி மட்டும் தங்குகிறது. ஹைப்போவுக்கு வெள்ளி உப்புகளைக் கரைக்கும் ஆற்றல் உண்டு என்று ஹெர்ஷல் 1819இலேயே எழுதியிருந்தார். அதற்கும் முன்பாக, 1777இல், ஸ்வீடனின் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே, அம்மோனியா வெள்ளி குளோரைடைக் கரைக்கும், ஆனால் வெளிச்சத்தில் கறுத்த பகுதியை விட்டுவிடும் என்று கண்டிருந்தார். வெட்ஜ்வுட்டுக்குத் தேவைப்பட்ட விடை அவர் தேடுவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே அச்சில் இருந்தது. யாரும் இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை. 1839 ஜனவரியில் டாகேரின் செய்தி இங்கிலாந்தை எட்டியபோது, அவருடைய முறையின் விவரம் ஏதும் அறியாத ஹெர்ஷல், தாமே சோதனையில் இறங்கிச் சில நாள்களிலேயே ஹைப்போவால் படத்தை நிறுத்திவிட்டார். பிப்ரவரித் தொடக்கத்தில் தம்மைக் காண வந்த டால்பட்டிடம் அதை மறைக்காமல் காட்டவும் செய்தார். கண்டுபிடிப்பாளர்கள் ஒருவரையொருவர் முந்தத் துடித்த அந்த மாதங்களில் இந்தப் பெருந்தன்மை அரிது. அதன் பிறகு ஒளிப்படங்களை நிறுத்தும் வழியாக ஹைப்போவே எங்கும் நிலைபெற்றது.

ஹைப்போ போட்டபின் ஓடும் நீரிலோ, அடிக்கடி மாற்றும் நீரிலோ அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கழுவ வேண்டும். தாளில் தங்கும் ஹைப்போ காலப்போக்கில் வெள்ளியைத் தாக்கி, படத்தை மஞ்சளாக்கி மங்கச் செய்யும். ஈரமும் வெப்பமும் மிகுந்த நம் ஊரில் அது இன்னும் விரைவாக நடக்கும் என்பதால் இங்கே தண்ணீர் மிச்சம் பிடிக்கக் கூடாது.

மூன்று துண்டுகளும் காய்ந்ததும், நேர்வெயில் படாத சன்னல் ஓரத்தில் பக்கத்தில் பக்கமாக வைத்து, ஒவ்வொன்றின் பாதியையும் கறுப்புத் தாளால் மூடிவிடுங்கள். முதல் துண்டின் திறந்த பாதியில் இலையைத் தேடிப் பார்க்கும் நிலை அன்றைக்கே வந்துவிடும். இரண்டாவதில் ஊதா மெல்ல ஏறும். மூன்றாவதில் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வேற்றுமை தெரியாது. தெரிந்தால் ஹைப்போவோ கழுவலோ போதவில்லை என்று பொருள்.

எதிர்ப்படத்திலிருந்து நேர்ப்படம்

இலை வெள்ளையாகவும் சுற்றுப்புறம் கருமையாகவும் இருக்கும் இந்தப் படத்தை மற்றொரு உணர்தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டினால், கருமையும் வெண்மையும் இடம் மாறி நேர்ப்படம் கிடைக்கும். டாகேரின் தகடு ஒன்றே ஒன்றுதான். டால்பட்டின் எதிர்ப்படத்திலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். இதற்கு மெல்லிய தாளில் எடுத்த படமே ஏற்றது. அதன் பின்புறம் வெள்ளை மெழுகுவர்த்தியைத் தேய்த்து, இரண்டு தாள்களுக்கு இடையில் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போட்டால், மெழுகு இழைகளுக்குள் இறங்கி வெளிச்சம் எளிதாக ஊடுருவும். குடும்பப் படம் ஒன்றை இம்முறையில் எடுக்க விரும்புவோர், அதைக் கணினியில் எதிர்ப்படமாக மாற்றி, கருமை வெண்மை வேறுபாட்டைக் கூட்டி, ஒளி ஊடுருவும் நெகிழித் தாளில் அச்சிட்டுப் பயன்படுத்தலாம்.

கேமராவுக்குள் இந்தத் தாளை வைத்து எடுப்பதற்கு மிக நீண்ட நேரம் பிடிக்கும். 1840இல் டால்பட், வெளிச்சம் சிறிதே பட்டுக் கண்ணுக்குப் புலப்படாமல் தாளில் தங்கும் படத்தைக் காலிக் அமிலத்தால் வெளிக்கொணரலாம் என்று கண்டபோதுதான் அந்தத் தடை நீங்கியது. அது தனிச் செய்முறை. இதில் கை படிந்த பிறகு பார்க்கலாம்.

பினாங்கில் வெயிலைக் கொண்டு படி எடுக்கும் தொழில் நம்மவர் கைக்கு வந்த வரலாறும் பழையது. ஸ்காட்லாந்தின் ஜான் தாம்சன் 1862 வாக்கில் பல மாதங்கள் இங்கே தங்கிப் படமெடுத்தபோது, மதராஸ்காரர்கள் இருவரைப் பழக்கி, படிகள் எடுக்கவும் உதவியாளராக இருக்கவும் வைத்துக்கொண்டதாக எழுதியிருக்கிறார். அவர்களின் பெயரை அவர் குறிக்கவில்லை.

சேமிப்பும் கழிவும்

முடிந்த படங்களைச் சமையலறைச் சுவரிலோ குளியலறையை ஒட்டிய அலமாரியிலோ வைக்க வேண்டாம். அமிலமற்ற தாளுறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு இறுக்கமாக மூடும் பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை திறந்து பூஞ்சையோ பூச்சியோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தாளின் பின்புறம் தேதி, உப்பின் அளவு, வெயிலில் வைத்த நேரம், வானத்தின் நிலை ஆகியவற்றைப் பென்சிலில் எழுதி வைத்தால் அடுத்த முறை கைகொடுக்கும்.

பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது. அதையும் பால்போல் கலங்கிய முதல் கழுவுநீரையும் சாக்கடையில் ஊற்றக் கூடாது. பெயர் எழுதிய தனித்தனிப் புட்டிகளில் சேர்த்து வைக்க வேண்டும். ஹைப்போ புட்டிக்குள் துருப்பிடிக்கும் வகை இரும்புக் கம்பிநாரைப் போட்டு ஒரு வாரம் வைத்தால், வெள்ளி அதன் மேல் கரும்படிவாகப் படியும். எஞ்சிய நீரையும் படிவையும் வேதிக்கழிவு ஏற்கும் ஆய்வகத்திடமோ, இன்றும் படச்சுருள் கழுவும் கடையிடமோ கேட்டு ஒப்படைத்துவிடலாம்.